கடைசி வீட்டுக் குழாயில் காற்று மட்டும் வருவதேன்?



எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் சங்கக் கூட்டத்தில் ஒரு புகார் தவறாமல் வரும். "ஐயா, முதல் வீட்டுக்காரங்க துணி துவைக்கிறாங்க, குளிக்கிறாங்க, பூச்செடிக்குக்கூட ஊத்துறாங்க. எங்க கடைசி வீட்ல மட்டும் பைப்பைத் திறந்தா உஸ்ஸுன்னு காத்துதான் வருது." ஆபீசில் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "டாங்கி நிறைய தண்ணி இருக்கு. நீங்கதான் வீணாக்குறீங்க." நாமும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி விடுகிறோம். பிறகு முதல் வீட்டுக்காரருக்கும் கடைசி வீட்டுக்காரருக்கும் சண்டை. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தண்ணீருக்காக முகம் பார்க்காமல் போகிறார்கள்.

இந்தச் சண்டையில் இரண்டு வீட்டுக்காரர் மீதும் குற்றமில்லை. டாங்கியில் தண்ணீர் நிறைய இருப்பதும் உண்மை, கடைசிக் குழாயில் வராததும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லித் தரும் ஒரு படிப்பு இருக்கிறது. பாய்ம இயக்கவியல் என்பார்கள். பேர்தான் பெரிசு. பாய்மம் என்றால் பாய்ந்து ஓடக்கூடிய பொருள். தண்ணீர், எண்ணெய், ரப்பர் பால் எல்லாம் பாய்மம். காற்றும் நீராவியும்கூடப் பாய்மந்தான். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதை வருடக்கணக்கில் படிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு மூன்று விதிகள் தெரிந்தால் போதும். தண்ணீர், கூலி, உயிர் ஆகிய மூன்றிலும் நாம் ஏமாறாமல் இருக்கலாம்.

உயரம்தான் பலம்

முதல் விதி இது. நிற்கிற தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. அகலத்தைப் பொறுத்தது அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு தூண். உயரம் 10 மீட்டர், அதாவது 1,000 சென்டிமீட்டர். அதில் தண்ணீர் நிரப்பினால் 1,000 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆக, 10 மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் இருக்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு கிலோ பலத்தோடு அழுத்துகிறது. தூண் எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அதே ஒரு கிலோதான்.

பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போது 200, 220 என்று நம்பர் காட்டுகிறதே, அது கிலோபாஸ்கல். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞரின் பேரால் அமைந்த அளவு. அழுத்தத்தைப் பற்றிய விதிகளைத் தெளிவாக எழுதி வைத்தவர் அவர். நம் 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். கார் டயரில் இருப்பதில் பாதி.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? குழாயில் வேகம் இல்லை என்று புகார் செய்தால், பக்கத்திலேயே இன்னொரு பெரிய டாங்கியை வைத்துவிட்டு "பிரச்னை தீர்ந்தது" என்பவர்கள் உண்டு. தரையிலிருந்து 3 மீட்டரில் சின்ன டாங்கி இருந்தாலும் பெரிய டாங்கி இருந்தாலும் அழுத்தம் ஒன்றேதான். பெரிய டாங்கியில் தண்ணீர் அதிக நேரம் தீராமல் இருக்கும், அவ்வளவே. வேகம் வேண்டுமென்றால் டாங்கியை மேட்டில் ஏற்ற வேண்டும்.

குழாய்க்குள் நடக்கும் கொள்ளை

இரண்டாவது விதி ஓடுகிற தண்ணீருக்கு. தண்ணீர் ஓடும்போது குழாயின் உட்சுவரில் உராய்கிறது. உராய உராய அழுத்தம் குறைகிறது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு. இது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். ஊகிக்க முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு. அவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வேகம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. வேகம் நான்கு மடங்கானால் இழப்பு பதினாறு மடங்கு. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறோம். டாங்கியிலிருந்து வரும் முதல் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. அங்கேயே அழுத்தத்தின் பெரும்பகுதி கரைந்து விடுகிறது. டாங்கி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் வழியில் 9 மீட்டர் போய்விட்டால் மிச்சம் ஒரு மீட்டர்தான். கடைசி வீடு கொஞ்சம் மேட்டில் இருந்துவிட்டால் அந்த ஒரு மீட்டரும் இல்லை. அதனால்தான் காற்று.

இரண்டு, குழாயின் அகலம். இரண்டு அங்குலக் குழாய்க்குப் பதிலாக ஓர் அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். கால்வாசி ஆகும் என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மையில், அதே டாங்கி, அதே நீளம் என்றால், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். ஓர் இரண்டு அங்குலக் குழாய் செய்யும் வேலையைச் செய்ய, ஓர் அங்குலக் குழாய்கள் ஏறக்குறைய ஆறு வேண்டும்.

இங்கேதான் பழைய தோட்டங்களின் ரகசியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் போட்ட இரும்புக் குழாய்கள் உள்ளே துருப்பிடித்துத் தடித்துப் போகும். வெளியே அளந்தால் இரண்டு அங்குலம், ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் இரண்டு அங்குலம், உள்ளே ஓட்டை ஓர் அங்குலங்கூட இருக்காது. மண்ணுக்குள் புதைந்து கிடப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது.

வாளியும் கடிகாரமும் போதும்

சரி, நம் லயத்தில் கோளாறு டாங்கியிலா, குழாயிலா? கண்டுபிடிக்க என்ஜினியர் வர வேண்டியதில்லை.

ராத்திரி 11 மணிக்கு மேல், எல்லா வீட்டுக் குழாயும் மூடியிருக்கும் நேரத்தில், கடைசி வீட்டுக் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடாத குழாயில் உராய்வு இல்லை, இழப்பும் இல்லை. ஆகவே திறந்த உடனே டாங்கியின் முழு உயரமும் அங்கே தெரியும். அப்போது நல்ல வேகம், காலையில் நூல் மாதிரி என்றால் குற்றவாளி குழாய். சின்னக் குழாய், அல்லது துரு, அல்லது வழியில் பாதி மூடிய வால்வு. ராத்திரியிலும் திறந்த நொடியிலேயே வேகம் இல்லை என்றால் டாங்கியின் உயரம் போதவில்லை.

அடுத்து, ஒரு 10 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கும் மாலை 6 மணிக்கும், முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதுங்கள். ஏழு நாள் எழுதினால் போதும். கண்ணாடி போன்ற ரப்பர் டியூப் இருந்தால், குழாயின் வாயில் இறுக்கமாக மாட்டி மேலே தூக்கிப் பிடியுங்கள். டியூப்பில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம்.

நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். அங்கே கடைசி வீட்டு அம்மா ஒருவர் சொன்னார்: "தம்பி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு தோம்புல பிடிச்சு வெச்சாத்தான் காலையில புள்ளைங்க குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போகும். நாலு மணிக்கு நான் பெரட்டுக்குக் கிளம்பணும். தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" அந்தத் தோட்டத்திலும் புது டாங்கி ஒன்று வைத்துப் பார்த்தாகிவிட்டது. பயன் இல்லை.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவர் மகளே நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ஒரு வாரம் கணக்கெடுத்தாள். முதல் வீட்டில் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்த வாளி, கடைசி வீட்டில் காலை நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நள்ளிரவில் அதே வாளி முதல் வீட்டுக்குக் கொஞ்சந்தான் பிந்தியது. நோட்டுப் புத்தகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போனோம். "டாங்கி நிறைய தண்ணி இருக்கு" என்று பெரிய கிராணி பழைய பாட்டையே பாடினார். "ஒத்துக்கிறோங்க. டாங்கில தண்ணி இருக்கு. குழாயில வழி இல்ல. ஓர் அடி குழாயை வெட்டி எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டோம். வெட்டினார்கள். மேசை மீது வைத்தார்கள். இரண்டு அங்குலக் குழாயில் என் கட்டை விரல் நுழையவில்லை. அதற்குப் பிறகு யாரும் தண்ணீரை வீணாக்குவதைப் பற்றிப் பேசவில்லை. குழாய் மாற்றப்பட்டது.

புதுக் குழாய் போடும்போது ஒரு யோசனையும் சொல்லலாம். வரிசையின் கடைசி முனையை அப்படியே விட்டுவிடாமல், இன்னொரு குழாயால் டாங்கியோடு வளையமாக இணைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் வேகம் பாதி, இழப்பு கால்வாசி. கடைசி வீடு என்ற ஒன்றே இராது.

காற்று வரும் குழாயில் நோயும் வரும்

குழாயில் காற்று வருவது வெறும் சிரமம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் பிள்ளைகளின் உடல்நலம் இருக்கிறது.

குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை, வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போய்விட்டால் கதை தலைகீழ். பள்ளத்து வீடுகள் குழாயைத் திறக்கும்போது மேட்டுக் குழாயில் உள்ள தண்ணீர் கீழே இழுக்கப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப, வெடிப்பு வழியாக வெளியில் இருப்பதைக் குழாய் உறிஞ்சுகிறது. குழாய் சாக்கடை ஓரமாகவோ கழிவறைக் குழி பக்கமாகவோ போகிறதென்றால் உறிஞ்சப்படுவது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் நின்று நின்று வரும் வீடுகளில் முதலில் வரும் கலங்கல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சாக்கடைக்குள் கிடக்கும் குழாயைக் கண்டால் உடனே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு ஆபத்து மருந்து கலக்கும் இடத்தில். ரப்பர் டியூப்பைத் தோம்புக்குள் மூழ்க விட்டு, களைக்கொல்லி கலக்கத் தண்ணீர் பிடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அந்த நேரம் பார்த்துக் குழாயில் அழுத்தம் போனால், தோம்பில் உள்ள மருந்துத் தண்ணீர் டியூப் வழியாகக் குடிதண்ணீர்க் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகும். ஆகவே டியூப்பின் வாய் எப்போதும் தோம்பின் விளிம்புக்கு மேலே, காற்றில் தொங்க வேண்டும். காசு செலவில்லாத பாதுகாப்பு இது. இன்றைக்கே செய்யலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் தீபகற்பத்தில் நடப்பில் இருக்கிறது. வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவில், இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. "போதுமான அளவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். குழாய் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. போதவில்லை என்பதற்கு உங்கள் வாளிக் கணக்கே சாட்சி. லேபர் ஆபீசில் வாய்ப் புகாரைவிட அந்த நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம்.

மரத்துக்குள்ளும் அதே அழுத்தம்

தண்ணீரை விட்டுப் பாலுக்கு வருவோம். பால்மரத்தை ஏன் விடியுமுன் சீவ வேண்டும்? "அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான்" என்பார்கள். காரணம் அழுத்தம்.

பட்டைக்குள் தலைமயிரைவிட மெல்லிய பால் குழல்கள் இருக்கின்றன. இரவில் இலைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாவது மிகவும் குறைவு. வேர் உறிஞ்சும் தண்ணீர் மரத்திலேயே தங்கி, பால் குழல்கள் விம்மி நிற்கும். விடியற்காலையில் அந்தக் குழலுக்குள் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவுக்கும் மேல். கார் டயரில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு! 1960-களில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானிகள் இதை மரத்திலேயே அளந்து பார்த்தார்கள். உளி பட்டதும் பால் துளிர்த்து ஓடுவது இந்தப் பலத்தால். வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். கடைசியில் வெட்டு வாயில் பால் உறைந்து குழல்களை அடைத்துக்கொள்ளும். பட்டையில் பூசும் எத்திபோன் மருந்து, இந்த அடைப்பு விழுவதைத் தள்ளிப் போடுவதால்தான் அதிக நேரம் பால் ஒழுகுகிறது.

ஆகவே தொழிலாளி நேரத்தோடு தயாராக நிற்க, நிர்வாகத்தின் லோரி ஒரு மணி நேரம் பிந்தி வந்து பால் குறைந்தால், குறைவு நம் கையில் இல்லை. "ஒழுங்கா சீவல" என்று மண்டோர் சொன்னால், லோரி வந்த நேரத்தைக் கேளுங்கள்.

மெட்ரோலேக் காட்டும் கணக்கு

ஸ்டோரில் பால் நிறுத்த பிறகு, கண்ணாடிக் குடுவை போன்ற ஒரு மிதவையைப் பாலில் விடுகிறார்களே, மெட்ரோலேக், அதுவும் பாய்ம விதியால்தான் வேலை செய்கிறது. 2,200 ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி அது. மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை ஒதுக்கும் அளவுக்கு மூழ்கும். திரவம் இலேசானால் ஆழமாக மூழ்கும், கனமானால் மேலே எழும்பும்.

ரப்பர், தண்ணீரைவிட இலேசு. எனவே ரப்பர் அதிகமுள்ள பாலில் மெட்ரோலேக் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். பசும்பாலில் இது நேர்மாறு. அங்கே தண்ணீர் கலந்தால் மிதவை இன்னும் கீழே இறங்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எடையோடு ரப்பர் அளவையும் பார்த்துக் கூலி போடும் இடங்களில் இந்த மிதவைதான் நம் சோற்றை அளக்கிறது. நீங்கள் கொண்டுவந்தது 40 கிலோ பால். நூற்றுக்கு 30 ரப்பர் என்றால் 12 கிலோ. நூற்றுக்கு 28 என்று எழுதினால் 11 கிலோ 200 கிராம். ஒரு நாளுக்கு 800 கிராம். 25 நாள் வேலைக்கு 20 கிலோ ரப்பர் காணாமல் போகிறது! ஒரு சின்னக் கோட்டைத் தவறாகப் படித்ததன் விலை இது.

எப்போது தவறும்? மிதவை ஆடிக்கொண்டிருக்கும்போதே படித்தால் தவறும். பாலின் மேல் நுரை இருந்தால் கோடு தெரியாது. மிதவையின் மீது பழைய பால் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் எடையே மாறிவிடும். பாத்திரத்தின் சுவரில் சாய்ந்து நின்றாலும் சரியாக இராது. பால் பாதி உறைந்திருந்தால் மிதவை இறங்கவே இறங்காது. தண்ணீர் சேர்த்து இளக்கி அளந்தால் சேர்த்த அளவுக்குத் தக்கபடி பெருக்க வேண்டும். அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது மரியாதைக் குறைவு அல்ல. "ஐயா, நுரைய எடுத்துட்டு இன்னொருக்கா போடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். தகராறு வந்தால், அந்தப் பாலில் கொஞ்சம் எடுத்து உறைய வைத்து, காய வைத்து, காய்ந்த ரப்பரை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் மிதவையைவிட நம்பகமான முறை.

மூடுபனி போலத் தெளித்தால்

செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையில் நம் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். முதுகில் சுமக்கும் பம்பும் ஒரு பாய்ம எந்திரந்தான். கையால் அழுத்தம் ஏற்றுகிறோம், நோசிலின் சின்ன ஓட்டை வழியாக மருந்து துளித்துளியாகச் சிதறுகிறது. அழுத்தம் அதிகமாக அதிகமாகத் துளி சிறிதாகும். மெல்லிய தூவல் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை.

காற்றும் பாய்மம். அதற்குள் விழும் துளியை அது தடுக்கிறது. சின்னத் துளிக்கு எடை குறைவு, தடை அதிகம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளி ஒரு மீட்டர் விழ ஏறக்குறைய 4 வினாடி ஆகும். நூறில் ஒரு பங்கு அளவுள்ள துளிக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினாலே, அந்த 5 நிமிடத்தில் துளி 300 மீட்டர் போய்விடும். புல்லில் விழ வேண்டிய மருந்து நம் மூக்கில், கண்ணில், பக்கத்து நிரையில் வேலை செய்பவர் மேல் விழும்.

பம்பை வேகமாக அடிக்காமல் நிதானமாக அடியுங்கள். நோசிலைத் தரைக்குப் பக்கமாகப் பிடியுங்கள். காற்றுக்கு எதிராக நடக்காதீர்கள். நோசில் தேய்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதவே கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வரும் மருந்தும் பால் பாயசம் அல்ல.

ஆலைக் கதவின் மேல் எத்தனை டன்?

கடைசியாக, எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு கணக்கு. செம்பனைக் குலைகளை வேக வைக்கும் பெரிய உருளைக்குள் நீராவி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அளவில் அழுத்துகிறது. 3 கிலோதானே என்று தோன்றும். கதவின் குறுக்களவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 31,400 சதுர சென்டிமீட்டர். மூன்றால் பெருக்குங்கள். 94,000 கிலோ. 94 டன் பலம் அந்தக் கதவை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது.

அதைவிட முக்கியம் அடுத்த கணக்கு. நீராவியை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்ததுபோல் தெரிகிறது. ஆனால் உள்ளே பத்தில் ஒரு கிலோ மிச்சம் இருக்கிறது. முள்ளில் அது தெரியவே தெரியாது. கதவின் மேல் அதன் பலம் 3 டன்னுக்கு மேல். பூட்டைத் தளர்த்தினால் ஒரு லோரி வந்து மோதியதுபோல் கதவு திறக்கும், கூடவே கொதிக்கும் ஆவியும் வரும். ஆகவே முள்ளை மட்டும் நம்பக்கூடாது. சோதனை வால்வைத் திறந்து, ஆவி சிறிதும் வரவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே கதவில் கை வைக்க வேண்டும். "சீக்கிரம் திற, அடுத்த லோடு காத்திருக்கு" என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. உங்கள் ஆலையில் எல்லோருக்கும் இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகம் எடுங்கள்

தோழர்களே, பார்த்தீர்களா? டாங்கி, குழாய், பால்மரம், மெட்ரோலேக், மருந்துப் பம்பு, ஆலைக் கதவு எல்லாம் ஒரே சாத்திரத்துக்கு அடங்கியவை. நம் கைகள் நாள் முழுதும் அந்தச் சாத்திரத்தில்தான் புழங்குகின்றன. படித்தவர் சொல்லட்டும் என்று நாம் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. தண்ணீர் துரை வீட்டிலும் லயத்திலும் ஒரே விதிப்படிதான் ஓடுகிறது. துரை வீட்டில் நன்றாக வருகிறதென்றால், அங்கே உயரமும் குழாயும் சரியாகப் போடப்பட்டிருக்கின்றன. நமக்கும் அப்படியே போட முடியும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ஒரு நோட்டுப் புத்தகமும் 10 லிட்டர் வாளியும் கொடுங்கள். முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு. காலை, மாலை, நள்ளிரவு. ஏழு நாள். முதல் வீட்டுக்காரரும் கடைசி வீட்டுக்காரரும் சேர்ந்தே அளக்கட்டும். அந்தக் கணக்கில் கிளைத் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் ஒரு பிரதி, லேபர் ஆபீசுக்கு ஒரு பிரதி, சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். நள்ளிரவில் வாளியோடு காத்திருக்கும் தாய்மார்கள் இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.